பொதியைத் திற: 1869 ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டமும் எங்கள் சோதனைச்சாவடிகளும்

நாகபட்டினத்தில் இருந்து வரும் கப்பலால் காங்கேசன்துறையில் இறங்குபவரின் பையைச் சுங்க மேசையில் திறக்கச் சொல்வார்கள். சேலை எத்தனை, எண்ணெய்ப் போத்தல் எத்தனை, இவையெல்லாம் வீட்டுக்கா கடைக்கா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் அதிகாரம் அந்த அலுவலருக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், 1869 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டத்தில் போய் நிற்போம். விக்டோரியா மகாராணியின் ஆட்சியில் எழுதப்பட்ட சட்டம். இடையில் எத்தனையோ திருத்தங்கள் வந்துவிட்டன. ‘பிரதான கலெக்டர்’ இருந்த இடத்தில் இன்று ‘பணிப்பாளர் நாயகம்’ இருக்கிறார், தண்டத் தொகைகள் ஏறியிருக்கின்றன. எலும்புக்கூடு மட்டும் அதேதான்.

போர்க்காலப் பொருளாதாரத் தடை பற்றி எழுதுவதற்காகத் தகவல் சேர்த்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தச் சட்டத்தை முதல் தடவையாக முழுமையாக வாசித்தேன். அலுப்பூட்டும் வாசிப்பு என்று நினைத்துத்தான் தொடங்கினேன். ஆனால், சோதனைச்சாவடி வரிசையில் பொதியோடு நின்ற எவருக்கும் பழகிப்போன ஒரு தர்க்கம் அதற்குள் இருந்தது. எங்களைச் சோதித்த முறை 1990 இல் திடீரென்று கண்டுபிடிக்கப்பட்டதல்ல. அதன் சட்டப் பாகங்கள் வெள்ளைக்காரன் காலத்திலேயே செய்து வைக்கப்பட்டிருந்தன. இந்தக் கட்டுரை அந்தப் பாகங்களைப் பற்றியது.

பொருள்தான் குற்றவாளி

சாதாரணக் குற்றவியல் வழக்கில் ஒருவர் குற்றவாளி என்பதை அரச தரப்பு நிரூபிக்க வேண்டும். சுங்கச் சட்டத்தில் இது தலைகீழ். ஒரு பொருள் பறிமுதல் செய்யப்பட்டு, அதற்கு வரி கட்டப்பட்டதா, அது முறைப்படி நாட்டுக்குள் வந்ததா என்ற பிரச்சினை எழுந்தால், நிரூபிக்க வேண்டியவர் பொருளின் சொந்தக்காரர். அலுவலர் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. உரிமையாளர் நல்லவரா கெட்டவரா என்பதும் இரண்டாவது விடயம். குற்றம் பொருளிலேயே ஒட்டியிருப்பதாகச் சட்டம் பார்க்கிறது. அதனால்தான் பொருளோடு சேர்த்து அதை ஏற்றிவந்த படகையும் வண்டியையும் பறிக்க முடிகிறது.

தண்டமும் பழைய பாணிதான். தடைசெய்யப்பட்ட பொருளை இறக்கியவருக்கும் மறைத்து வைத்திருந்தவருக்கும் 129 ஆம் பிரிவின் கீழ் பொருளின் பெறுமதியைப் போல் மூன்று மடங்கு விதிக்கலாம், அல்லது சட்டத்தில் சொன்ன ஒரு தொகையை விதிக்கலாம். இரண்டில் எது என்பதைத் தீர்மானிப்பவர் சுங்கத் தலைவர். மூன்று மடங்கு என்ற கணக்கு பிரித்தானியச் சுங்கச் சட்டங்களில் இருந்து அப்படியே இறக்கப்பட்டது. அதைக் குறைக்கும் அதிகாரமும் (163 ஆம் பிரிவு) அவரிடமே இருக்கிறது. விசாரிப்பதும் தண்டிப்பதும் மன்னிப்பதும் ஒரே திணைக்களம். தண்டப் பணத்தில் ஒரு பங்கு அதைப் பிடித்த அலுவலர்களுக்கும் தகவல் கொடுத்தவருக்கும் வெகுமதியாகப் போகிறது. 19 ஆம் நூற்றாண்டில் கடற்கரையெங்கும் சம்பள ஆட்களை நிறுத்த அரசாங்கத்துக்குக் காசு காணாது, ஆகவே பிடித்தால் பங்கு என்று வைத்தார்கள். காசு காணாத காலம் போய்விட்டது, பங்கு போகவில்லை.

எந்த உலகத்துக்காக இதை எழுதினார்கள்? அதே 1869 நவம்பரில்தான் சூயஸ் கால்வாய் திறந்தது. அதே ஆண்டில்தான் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் அந்தக் கொள்ளை நோய் முதலில் தென்பட்டது. கொழும்பில் அலைதாங்கி கூடக் கட்டத் தொடங்கவில்லை, பெரிய கப்பல்கள் காலிக்குத்தான் போயின. கோப்பி ஏற்றுமதியிலும், தோட்டத் தொழிலாளருக்காக இறக்கிய அரிசியிலும் நாட்டின் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட ஒரு தீவுக்கு, எல்லாப் பொருளும் நியமித்த துறைமுகத்தில், நியமித்த இறங்குதுறையில், நியமித்த நேரத்தில், பத்திரத்தோடு இறங்க வேண்டும் என்ற சட்டம் வசதியாக இருந்தது. கொழும்புக்கும் காலிக்கும் அது பொருந்தியது. மணற்கரையில் தோணியை இழுத்து ஏற்றி வியாபாரம் செய்த வடமராட்சிக்கும் தீவகத்துக்கும் மன்னாருக்கும் அது என்ன செய்தது என்பது வேறு கதை.

கொட்டுக்குள் மூன்று குவியல்

ஆங்கிலேயர் வெறும் நிலத்தில் தொடங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். போர்த்துக்கேயர் ‘கர்த்தாஸ்’ என்ற கடவுச் சீட்டு இல்லாத கப்பல்களைக் கடலில் பிடித்தார்கள். ஊர்காவற்றுறையின் ஆங்கிலப் பெயரான ‘கைற்ஸ்’, யானை ஏற்றிய துறைக்கு அவர்கள் வைத்த பெயரின் மிச்சம். 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தக் கம்பனி யானையையும் சங்கையும் முத்தையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டது. வன்னிக்கும் குடாநாட்டுக்கும் இடையே ஆட்களும் பொருட்களும் போய்வருவதைக் கட்டுப்படுத்த ஆனையிறவிலும் இயக்கச்சியிலும் வெற்றிலைக்கேணியிலும் சிறு கோட்டைகளை வைத்திருந்தது. அந்த மூன்று பெயர்களையும் இன்றைய வாசகர் எந்தப் போர்ச் செய்திகளில் கேட்டார் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. குடாநாட்டின் கழுத்து அங்கேதான் இருக்கிறது, ஆள வந்த எல்லோரும் அதை ஒரே நாளில் கண்டுகொண்டார்கள்.

ஆங்கிலேயர் செய்தது, இந்தக் கட்டுப்பாடுகளை எழுதி அச்சிட்டு இலக்கம் போட்டது. 1890 இல் மட்டும் இரண்டு சட்டங்கள் வடக்கின் கடற்கரையைத் தொட்டன. ஒன்று உப்புச் சட்டம், மற்றது சங்குச் சட்டம். உவர்வெளியில் வெயிலுக்குத் தானாக விளைந்து கிடக்கும் உப்பை அள்ளவும் அனுமதி வேண்டும் என்றானது. உப்பு அரசாங்கத்தின் தனியுரிமை. முற்றத்துக்கு அப்பால் வெள்ளையாகக் கிடப்பதைக் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டிய நிலை. காந்தி தண்டிக்குப் போனதால் இந்திய உப்புச் சட்டம் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்து உப்புச் சட்டத்தைப் பற்றி எங்கள் பாடப் புத்தகத்தில் நான் படித்ததாக நினைவில்லை.

முத்துக்குளிப்பில் பொருட் சோதனை எப்படி நடந்தது என்பது இன்னும் துல்லியமாகத் தெரியும். மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டிக் கரையில் பருவத்துக்கு மட்டும் ஒரு நகரம் முளைக்கும். படகுகள் மாலையில் கரைக்கு வந்ததும் சிப்பி மூட்டைகளை ‘கொட்டு’ என்ற வேலியடைத்த வளவுக்குள் கொண்டுபோக வேண்டும், வேறு எங்கும் கொண்டுபோக முடியாது. அங்கே ஒவ்வொரு படகின் சிப்பியும் மூன்று குவியலாகப் பிரிக்கப்படும். இரண்டு குவியல் அரசாங்கத்துக்கு. மிஞ்சிய ஒன்றுதான் மூச்சடக்கிக் கடலடிக்குப் போனவர்களுக்கு. அரசாங்கத்தின் பங்கு ஏலத்தில் ஆயிரக் கணக்கில் விற்கப்படும். யாழ்ப்பாணக் கச்சேரியில் இளம் அதிகாரியாக இருந்த லெனார்ட் வூல்ஃப் 1906 ஆம் ஆண்டுக் குளிப்பின்போது அங்கே வேலை செய்தார். பின்னாளில் ஏகாதிபத்தியத்தை எதிர்த்து எழுதிய அதே வூல்ஃப்தான்.

கடல் சுவரானது

வல்வெட்டித்துறையின் அன்னபூரணியைப் பற்றி நம் வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஊரிலே கட்டிய பாய்க்கப்பல், 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அந்தப் பெருமைக்குப் பின்னால் தினசரி வியாபாரம் ஒன்று இருந்தது: பர்மாவில் இருந்து அரிசி, தமிழ்நாட்டுத் துறைகளில் இருந்து ஓடும் துணியும், இங்கிருந்து புகையிலையும் பனம்பொருட்களும். இந்த வியாபாரத்தில் எது வியாபாரம், எது கடத்தல் என்பதைச் சரக்கு தீர்மானிக்கவில்லை. எந்தக் கரையில் இறக்கினார்கள், என்ன பத்திரம் இருந்தது என்பதே தீர்மானித்தது.

பிரித்தானியப் பேரரசு இரு கரையையும் ஆண்டவரை பாக்கு நீரிணை ஒரே வீட்டின் இரண்டு அறைக்கு இடையிலான நடை போல இருந்தது, வரி வாங்கினாலும். 1948 க்குப் பிறகு அது இரண்டு நாடுகளின் எல்லையானது. சட்டத்தில் ஒரு வரியும் மாறத் தேவைப்படவில்லை, பாவித்த விதம்தான் மாறியது. கள்ளக்குடியேற்றத்தைத் தடுக்க என்று 1952 இல் ‘மொன்டி நடவடிக்கை’ என்ற பெயரில் படையினர் வடக்குக் கரைக்கு அனுப்பப்பட்டார்கள். 1963 இல் அதே நோக்கத்துக்காக இராணுவத்தின் தனி அணி அமைக்கப்பட்டது. கள்ளக்குடியேற்றம், கள்ளக்கடத்தல் இரண்டும் ஒரே வாயில் சொல்லப்பட்டன. ஆயுதப் போராட்டம் தொடங்குவதற்கு வெகு முன்னரே இராணுவ முகாம் எங்கள் கரைக்கு வந்தது இந்த வழியால்தான். 1970களின் இனமுரண்பாட்டில் இருந்து மட்டும் கதையைத் தொடங்குகிற கட்டுரைகளில் இது தவறிவிடுகிறது என்பது என் குறை.

நியாயமாகச் சொன்னால், இறக்குமதிக் கட்டுப்பாடு எங்களுக்கு எப்போதும் கெடுதியாகவே இருந்ததில்லை. சுங்கச் சட்டம் வந்து சரியாக நூறு ஆண்டின் பின், 1969 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1970 க்கும் 1977 க்கும் இடையில் வெங்காயமும் மிளகாயும் வெளியில் இருந்து வருவது இறுக்கப்பட்டபோது யாழ்ப்பாணத் தோட்டக்காரர் நிமிர்ந்தார்கள். கல்வீடு எழுந்ததும், உழவு இயந்திரமும் நீரிறைக்கும் இயந்திரமும் வந்ததும் அந்த வெங்காயக் காசில்தான் என்று உரும்பிராய்ப் பக்கம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1977 இல் ஜே.ஆர். ஜெயவர்தனவின் அரசாங்கம் கதவைத் திறந்தது, விலை விழுந்தது. இன்றும் 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான விசேட வியாபாரப் பண்ட அறவீடு கூடும்போதும் குறையும்போதும், வடக்கில் உருளைக்கிழங்கு, வெங்காயம் செய்கிறவர் முதலில் பார்ப்பது அறுவடைக்கு எத்தனை கிழமை இருக்கிறது என்பதைத்தான். வரி வீதம் ஒரே இரவில் வர்த்தமானியால் மாறலாம். கிழங்கு ஒரே இரவில் வளராது.

எல்லை வீதிக்கு வந்த கதை

இனி 1947. அந்த ஆண்டு ஜூன் மாதம், பொது வேலைநிறுத்தத்தின் நடுவே, பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் (1947 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கம்) நிறைவேறியது. சுதந்திரத்துக்கு எட்டு மாதம் இருந்தது. தொழிற்சங்கங்களை அடக்கச் செய்த சட்டத்தைப் புதிய நாடு அப்படியே பொறுப்பெடுத்தது. அதன் 5 ஆம் பிரிவு அவசரகால விதிகளை ஆக்க இடம் கொடுக்கிறது. 7 ஆம் பிரிவு, அந்த விதிகள் வேறு எந்தச் சட்டத்தோடு முரண்பட்டாலும் அவையே செல்லும் என்கிறது. 8 ஆம் பிரிவு, அவற்றை நீதிமன்றத்தில் கேள்விக்கு உட்படுத்த முடியாது என்கிறது.

சுங்கச் சட்டத்தின் தர்க்கத்தையும் இந்த மூன்று பிரிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கிய பின் வடக்குக்குப் போகக்கூடாத பொருட்களின் பட்டியல் அவசரகால விதிகளின் கீழ் வந்தது. சுங்கச் சட்டத்திலும் இப்படி ஒரு தடைப் பட்டியல் உண்டு, 12 ஆம் பிரிவும் அதன் அட்டவணையும். அது நாட்டின் எல்லையில் செல்லுபடியாவது. இந்தப் புதிய பட்டியல் நாட்டுக்குள்ளேயே, வவுனியாவுக்கு வடக்கே செல்லுபடியானது. எரிபொருள், சீமெந்து, இரும்பு, யூரியா, பற்றரி, இராணுவச் சீருடையின் நிறத்தில் துணி என்று நீண்டது. கொழும்பில் எந்தக் கடையிலும் வாங்கக்கூடிய டோர்ச் பற்றரி, தாண்டிக்குளத்தைத் தாண்டினால் தடைப்பொருள்.

அதன் பிறகு என்ன நடந்தது என்று எங்கள் வீடுகளுக்குத் தெரியும். ஜாம் போத்தலில் தேங்காய் எண்ணெயும் திரியும் வைத்துப் படித்தவர்கள் இன்று வைத்தியர்களாகவும் ஆசிரியர்களாகவும் இருக்கிறார்கள். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. வானொலிச் செய்தி கேட்க ஒருவர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடல் சுற்ற, இன்னொருவர் டைனமோ வயரைப் பிடித்துக்கொண்டிருப்பார். கொம்படி, ஊரியான், பிறகு கிளாலி என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்த பாதைகளால் ஒரு போத்தல் பெற்றோல் வந்தால் அதற்கு ஒரு தனி விலை. அரச கப்பல்களில் வந்த உணவுக்கும் மருந்துக்கும் அரச அதிபர் கணக்குக் கொடுக்க, பாதுகாப்பு அமைச்சு அனுமதி கொடுக்க வேண்டும். 1994 இல் சந்திரிகா குமாரதுங்கவின் ஆட்சி வந்த கையோடு பட்டியல் சுருங்கியது, அடுத்த ஆண்டே போர் திரும்பவும் வந்தது.

எனக்கு இதில் உறைப்பது ஒரு விடயம். காலனித்துவச் சுங்கச் சட்டம் எவ்வளவு கடுமையானது என்றாலும், பறித்த பொருளுக்கு உரிமை கோர ஒரு வழி வைத்திருக்கிறது. 154 ஆம் பிரிவின்படி, ஒரு மாதத்துக்குள் எழுத்தில் அறிவித்து, பிணை வைத்து, வழக்குக்குப் போகலாம். சோதனைச்சாவடியில் அந்த ஒரு மாதம்கூட இருக்கவில்லை. பறித்த பற்றரிக்குப் பற்றுச்சீட்டு வாங்கிய ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. என்னுடன் கதைத்தவர்கள் சொன்னதெல்லாம் ஒரே மாதிரி: மேசைக்குப் பக்கத்தில் ஒரு குவியல் இருக்கும், அதில் போடச் சொல்வார்கள், போட்டுவிட்டு நடப்போம். ஒரு அம்மா மகனின் பாடசாலைப் பைக்குள் வைத்திருந்த இரண்டு சோடி பற்றரியைப் பற்றி இப்போதும் கோபத்தோடு சொன்னார். பற்றரியின் விலைக்காக வந்த கோபம் அல்ல அது. சிங்களத்தில் மட்டும் இருந்த பட்டியலை வாசிக்க முடியாமல் பிள்ளையின் முன்னால் நின்றதுக்காக.

மற்றப் பக்கத்தையும் மறைத்து எழுத முடியாது. 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தபோது ஓமந்தையிலும் முகமாலையிலும் அரச சோதனை முடிந்து சற்றுத் தூரம் போனதும் விடுதலைப் புலிகளின் சோதனையும் வரியும் இருந்தன. அவர்கள் அதற்கு ‘ஆயம்’ என்ற பழைய சொல்லை எடுத்தார்கள். பொதியைத் திறத்தல், பத்திரம் நிரப்புதல், பொருளுக்கு ஏற்ற வீதம் எல்லாம் இருந்தன. கொழும்பில் இருந்து வந்த ஒரு லொறிச் சாமானுக்கு இருபுறமும் கட்டிய காசு கடைசியில் கடையில் சவர்க்காரம் வாங்கியவரின் தலையில்தான் விழுந்தது. இது போராட்டத்துக்கான பங்களிப்பு என்று ஏற்றவர்களும் இருந்தார்கள், முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். ஓர் அரசைக் கட்ட நினைக்கும் எவரும் முதலில் கட்டுவது சுங்க மேசையைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் மரபில் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று ஒரு மன்னனுக்குப் பட்டம் கிடைத்திருக்கிறது என்றால், தவிர்ப்பது எவ்வளவு அபூர்வம் என்று பாருங்கள்.

2006 ஓகஸ்ட் 11 இல் ஏ9 மூடப்பட்டது. பிறகு நடந்தவை பற்றி இங்கே எழுதினால் கட்டுரை வேறாகிவிடும்.

இன்னும் புத்தகத்தில் இருப்பது

அவசரகாலநிலை 2011 ஓகஸ்டில் காலாவதியாக விடப்பட்டது. அதைப் பிறப்பித்த 1947 ஆம் ஆண்டுச் சட்டம் அங்கேயே இருந்தது. 2021 ஓகஸ்ட் 30 ஆம் திகதி, சீனியும் அரிசியும் தட்டுப்பாடானபோது, அதே சட்டத்தின் கீழ் அவசரகால விதிகள் வந்தன. அத்தியாவசிய சேவைகள் ஆணையாளர் நாயகமாக ஒரு இராணுவ மேஜர் ஜெனரல் நியமிக்கப்பட்டார், களஞ்சியங்கள் சோதிக்கப்பட்டு சீனி கையகப்படுத்தப்பட்டது. தெற்கில் அதைப் புதுமையாகப் பார்த்தார்கள். வடக்கில் கடை வைத்திருப்பவர்களிடம் அந்த நாட்களில் நான் பேசியபோது, ‘உங்களுக்கும் வந்திட்டுதோ’ என்ற தொனிதான் இருந்தது.

சுங்கச் சட்டத்தை மாற்றிப் புதிய சட்டம் கொண்டுவரப் போவதாக ஒன்றுக்கு மேற்பட்ட அரசாங்கங்கள் சொல்லிவிட்டன. வர்த்தகர் சங்கங்கள் கேட்பது வேகம், கணினிமயம், முதலீட்டுக்கு வசதி. நிரூபிக்கும் சுமை யார் தலையில், விசாரிப்பவரே தண்டிக்கலாமா, பிடிப்பவருக்குப் பங்கு கொடுக்கலாமா என்ற கேள்விகளையும் யாராவது கேட்க வேண்டும். வடக்கு கிழக்கின் பாராளுமன்ற உறுப்பினர்கள் அதைக் கேட்பதற்குத் தகுந்த காரணம் வைத்திருக்கிறார்கள்.

அதுவரைக்கும் நடைமுறையில் உதவக்கூடிய சில விடயங்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் பெட்டி போடும்போது உள்ளே இருப்பவற்றின் பட்டியலையும், வாங்கிய பற்றுச்சீட்டுகளையும் தனியாக உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பெறுமதியை நீங்கள் நிரூபிக்காவிட்டால் அவர்கள் வைத்ததுதான் பெறுமதி. ஒரு பொருளைத் தடுத்து வைத்தால், அது மேலதிகப் பரிசோதனைக்காகத் தடுத்து வைப்பதா, பறிமுதலா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். இரண்டும் ஒன்றல்ல, ஒரு மாதக் கெடு பறிமுதல் நாளில் இருந்துதான் ஓடத் தொடங்கும். விசாரணையில் வாக்குமூலம் கேட்டால், மொழி விளங்காத ஒன்றில் ஒப்பமிட வேண்டாம், தமிழில் கொடுக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. தண்டத்தைக் குறைக்கக் கேட்டு 163 ஆம் பிரிவின் கீழ் பணிப்பாளர் நாயகத்துக்கு எழுதலாம், அதற்குச் சட்டத்தரணி கட்டாயமில்லை. முடிவு நியாயமற்றது என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்கலாம், அதற்குச் சட்டத்தரணி வேண்டும், செலவும் வேண்டும்.

எந்தக் கடிதம் கொடுத்தாலும் இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.